கண்காட்சி முடிந்த பின் எஞ்சுவது என்ன?

ஆண்டுதோறும் சனவரி மாதம் பிறந்ததும் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுநகரங்களிலும் தமிழ் மரபுத் திங்கள் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. 2014 ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2016 ஒக்ரோபரில் கனடிய மக்களவை இதற்கான பிரேரணையை நிறைவேற்றியது. புகலிடம் தேடி வந்த ஒரு மக்கள் கூட்டம் ஒரே தலைமுறைக்குள் பெற்றுக்கொண்ட இந்த ஏற்பு சிறியதன்று. மங்கல விளக்கு ஏற்றப்படுகிறது. பிரமுகர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுகின்றனர். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் நீண்ட மேசைகளில் உரலும் உலக்கையும், பழைய நாணயங்களும், இரண்டொரு ஓலைச்சுவடிகளும், மஞ்சள் பூத்த நிழற்படங்களும் பரப்பி வைக்கப்படுகின்றன. பிள்ளைகள் பார்க்கிறார்கள், பெற்றோர் படம் எடுக்கிறார்கள். மாலையில் அப்பொருட்கள் அட்டைப் பெட்டிகளுக்குள் திரும்புகின்றன. பெப்ரவரி முதலாம் நாள் அவை எங்கே இருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை.

இக்கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஒரு சமூகத்தின் வரலாறு காட்சிக்கு வைக்கப்படுவதனால் மட்டும் காக்கப்பட்டுவிடுவதில்லை. அது திரட்டப்பட வேண்டும், விவரிக்கப்பட வேண்டும், பிரதி எடுக்கப்பட வேண்டும், தேடுபவர் கைக்கு எட்ட வேண்டும். இந்த நான்கு வேலைகளுக்கும் உரிய அறிவும் கருவியும் ரொறன்ரோவில் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவின் நடுவே, பல்கலைக்கழக நூலகமொன்றில் உள்ளன. அவற்றைத் தமிழ்ச் சமூகம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. இது பல்கலைக்கழகத்தை நோக்கியது என்பதைவிடத் தமிழ் அமைப்புகளை நோக்கியது.

நூலகம் தருவது என்ன?

பல்கலைக்கழக நூலகம் என்றால் நூல்களை இரவல் தரும் இடம், பரீட்சைக்காலத்தில் மாணவர் கண்விழித்துப் படிக்கும் இடம் என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். அந்தக் காலம் போய்விட்டது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஃபிஷர் அரிய நூல் நூலகம் தன் சேகரங்களிலிருந்து தெரிவுசெய்த கண்காட்சிகளைப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுகிறது. வரைபடங்களையும் தரவுகளையும் கையாள்வதற்கான பட்டறைகளையும், முப்பரிமாண அச்சுப்பொறி போன்ற கருவிகளைப் பழகுவதற்கான பயிற்சிகளையும் அப்பல்கலைக்கழகத்தின் நூலகங்கள் நடத்துகின்றன. ஸ்காபரோ வளாக நூலகத்தில் எண்ணிமப் புலமைக்கென்றே ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. ஆவணங்களை வருடி எடுப்பது, அவற்றுக்கு விவரக்குறிப்பு எழுதுவது, நெடுங்காலம் சிதையாமல் பேணுவது, இணையத்தில் காட்சிப்படுத்துவது ஆகியன அதன் பணிகள்.

அந்த நூலகத்திலேதான் தந்தை செல்வா என்று தமிழர் அழைக்கும் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் ஆவணச் சேகரம் பேணப்படுகிறது. 1898 இல் பிறந்து 1977 இல் மறைந்தவர். 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். 1957 இல் பண்டாரநாயக்காவுடனும் 1965 இல் டட்லி சேனநாயக்காவுடனும் உடன்படிக்கை செய்து, இரண்டும் முறிக்கப்பட்டதைக் கண்டவர். அவருடைய கடிதங்களும் பத்திரங்களும் இன்று எண்ணிம வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்து மாணவரும் மட்டக்களப்பு ஆசிரியரும் சென்னை ஆய்வாளரும் தம் வீட்டிலிருந்தபடியே அவற்றைப் பார்க்க முடியும். அவை பாதுகாப்பாக ஸ்காபரோ வந்து சேர்ந்ததற்குக் காரணம், தாள்களைத் தூக்கி எறியாமல் காத்தவர்களும், அவற்றை முறைப்படி ஒப்படைத்தவர்களும், வாங்கிப் பேணத் தெரிந்த நூலகமும் ஒருங்கே அமைந்ததேயாகும். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கடிதங்கள் இன்று இல்லை.

இதே வளாகத்தில் 2017 ஓகஸ்ட் மாதத்தில் உலகத் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துடனும் இப்பல்கலைக்கழக நூலகம் கூட்டாகப் பணியாற்றியுள்ளது. நூலகம் நிறுவனத்தின் பல்லூடக ஆவணகம் இயங்கும் ‘ஐலாண்டோரா’ என்ற திறமூல மென்பொருள் கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் ஐலன்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

நிலக்கீழ் அறைகளில் நடப்பது

இனி மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். 1983 இன் பின்னர் கனடாவுக்கு வந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்களில் அன்று இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார். அந்தத் தலைமுறையினரின் வீடுகளில், நிலக்கீழ் அறைகளில், வாகனக் கொட்டில்களில் அடுக்கப்பட்டிருக்கும் பெட்டிகளுக்குள் என்ன இருக்கின்றன? ஊரிலிருந்து வந்த வான்கடிதங்கள், அகதி விண்ணப்பப் பத்திரங்களின் பிரதிகள், பழைய மாணவர் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், ஆண்டு மலர்கள், நாடக ஒத்திகைகளின் ஒளிநாடாக்கள், வானொலி நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்கள், 1990 களில் இந்நகரில் தோன்றி மறைந்த வாரப் பத்திரிகைகள், 2009 இல் நெடுஞ்சாலையிலும் வீதியோரங்களிலும் நின்றவர்கள் எடுத்த படங்கள்.

இவை ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் அழிந்துகொண்டிருக்கின்றன. தொலைநகல் இயந்திரங்கள் பயன்படுத்திய வெப்பத்தாளில் எழுத்து தானாகவே மங்கி மறையும். போர்க்காலத்தில் வந்த செய்தி என்று பத்திரப்படுத்திய தாள் இன்று வெற்றுத்தாளாக இருக்கக்கூடும். காந்த நாடாவில் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரப்பதத்தை உறிஞ்சிச் சிதைகிறது; நிலக்கீழ் அறையைவிட அதற்குக் கேடான இடம் வேறில்லை. வீட்டில் பதிவுசெய்த இறுவட்டுகளின் சாயப்படலமும் காலப்போக்கில் கெட்டுவிடுகிறது. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டுவதற்குக் கருவி வேண்டும். வீட்டு ஒளிநாடாக் கருவிகளைக் கடைசியாக உற்பத்தி செய்துவந்த யப்பானிய நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது.

கணினியில் இருப்பவை தப்பிவிடும் என்று எண்ணுவோரும் உளர். அவர்களுக்குப் பாமினி எழுத்துருவை நினைவூட்ட வேண்டும். 1990 களிலும் 2000 களின் முற்பகுதியிலும் புலம்பெயர் நாடுகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழில் பெரும்பகுதி பாமினியிலும் அதுபோன்ற எழுத்துருக்களிலும் உள்ளது. அவ்வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் அன்று. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதற்கு ஆதரவு தந்தது. ஆயினும் மாறுவதற்குப் பல அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் காலம் எடுத்தன. பழைய கோப்புகளை மாற்றித் தரும் மென்பொருட்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கோப்பை மாற்றச் சில நிமிடங்கள் போதும். ஆனால் கோப்பு இருக்கும் நெகிழ்வட்டு வாசிக்கப்பட வேண்டும். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்று அறிந்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். ஓர் அமைப்பின் இருபது ஆண்டு அறிக்கைகள் ஒரு செயலாளரின் பழைய கணினியோடு குப்பைக்குப் போவது இப்படித்தான்.

தீயும் ஈரமும்

1981 மே 31 ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்து, 1959 இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட நூலகம் அது. அந்த எரிப்பைத் தமிழர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆண்டுதோறும் யூன் மாதத்தில் அறிக்கைகள் வெளியாகின்றன, கவிதைகள் எழுதப்படுகின்றன, எரிந்த கட்டடத்தின் படம் மீண்டும் மீண்டும் பகிரப்படுகிறது.

ஆனால் ரொறன்ரோவிலும் ஒரு தமிழ் நூலகம் எரிந்தது என்பதை இந்நகரின் இளந்தலைமுறையில் எத்தனை பேர் அறிவர்? தேடகம் எனப்பட்ட தமிழர் வகைதுறை வள நிலையத்தின் நூலகம் 1994 இல் தீக்கிரையாக்கப்பட்டது. அதற்கு நினைவு நாள் இல்லை. மரபுத் திங்கள் மேசைகளில் அதற்கு இடமும் இல்லை. பகைவன் எரித்தால் மட்டுமே நூலகம் புனிதமானது என்று ஒரு சமூகம் நடந்துகொள்ளுமாயின், அது நூலகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, பகைவனைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறது என்றே கொள்ள வேண்டும்.

இன்று ஸ்காபரோவில் எவரும் தீ வைக்கவில்லை. ஈரம் வைக்கிறது, புறக்கணிப்பு வைக்கிறது. வீட்டை விற்கும்போது வரவழைக்கப்படும் குப்பை வண்டி வைக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள், தந்தை இறந்த மறு மாதம், இது என்ன தாள் என்று அறியாமலே அள்ளி எறிகின்றனர். பிள்ளைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. இவற்றின் மதிப்பை அவர்களுக்கு எவர் சொன்னார்? 1981 இல் அழிந்தவற்றுக்கு அழுகின்ற அதே கைகள் தம் வசமுள்ளவற்றைக் காப்பதற்கு ஏன் நீளவில்லை?

அச்சமும் அதற்கான மறுமொழியும்

ஒப்படைக்கத் தயங்குவோருக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஏளனம் செய்வது நேர்மையாகாது. 2006 ஏப்ரலில் கனடிய அரசு விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. 2008 யூனில் உலகத் தமிழர் இயக்கமும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. ஒரு துண்டுப்பிரசுரம் வீட்டில் இருப்பதே இடர் என்று அஞ்சிப் பலர் பலவற்றைத் தாமே அழித்தனர். ஊரில் உறவினரைக் கொண்டவர்களுக்கு இன்னொரு அச்சம்: கடிதத்தில் உள்ள பெயர் வெளியே தெரிந்தால் அங்கே யாருக்கு என்ன நேருமோ? வேறு சிலருக்கு, தம் எதிரணியினரின் ஆவணங்களோடு தம்முடையதும் ஒரே அலுமாரியில் வைக்கப்படுவது பிடிக்கவில்லை.

முதல் இரண்டு அச்சங்களுக்கும் ஆவணக்காப்பகத் துறை நெடுங்காலமாகவே வழி வகுத்து வைத்திருக்கிறது. சேகரத்தை ஒப்படைப்பவர் எழுத்து மூலம் கொடை ஒப்பந்தம் செய்துகொள்கிறார். குறிப்பிட்ட கடிதங்களை இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கலாகாது என்று அதில் நிபந்தனை விதிக்கலாம். இணையத்தில் வெளியிடாமல் வாசிப்பு அறையில் மட்டும் பார்க்க அனுமதிக்கலாம். மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எண்ணிமப் பிரதியை மட்டும் கொடுக்கும் ஏற்பாடும் உலகில் நடைமுறையில் உள்ளது. இவற்றைச் சட்ட ஆலோசனையோடு பேசித் தீர்க்க முடியும். பேசாமலே பூட்டி வைப்பதுதான் தீர்வன்று.

மூன்றாவது தயக்கத்துக்கு ஒரே மறுமொழிதான் உண்டு. ஆவணக்காப்பகம் தீர்ப்பு மன்றமன்று. மாறுபட்ட தரப்பினரின் தாள்கள் அருகருகே இருக்கும்போதுதான் வரலாறு எழுத முடியும். ஒரு தரப்பு ஆவணத்தை மட்டும் கொண்ட சேகரத்தை நாளை எந்த நீதிமன்றமும் எந்த ஆய்வாளரும் முழுமையானதாக ஏற்கப்போவதில்லை. 2021 மே மாதத்தில் ஒன்ராறியோ சட்டமன்றம் தமிழர் இனப்படுகொலைக் கல்வி வாரத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. கல்வி வாரம் கிடைத்தாயிற்று. வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல மூல ஆவணம் எங்கே? சாட்சியங்களைத் திரட்டுங்கள் என்று உலகிடம் கோருகின்றவர்கள் தம் வீட்டுச் சாட்சியத்தைக் கறையானுக்கும் பூஞ்சைக்கும் விட்டுவைத்திருப்பது எவ்வகை நியாயம்?

மூன்று மில்லியன் டொலருக்குப் பின்

இச்சமூகத்துக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் கூற முடியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கு 2018 இல் தொடங்கிய நிதி திரட்டல், பெருந்தொற்றின் நடுவிலும், 2021 இல் மூன்று மில்லியன் டொலர் என்ற இலக்கை எட்டியது. உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் அள்ளியும் கிள்ளியும் கொடுத்தனர். அது பெருமைக்குரிய சாதனை.

ஆனால் இருக்கை என்பது ஒரு பேராசிரியரின் பணியிடம். ஆய்வுக்கு மூலப்பொருள் வேண்டும். சங்க இலக்கியத்துக்கும் சோழர் கல்வெட்டுக்கும் பதிப்புகள் உள்ளன. கனடியத் தமிழரின் நாற்பது ஆண்டு வாழ்வுக்கு என்ன உள்ளது? 1990 முதல் இந்நகரிலிருந்து வெளிவந்த ‘காலம்’ போன்ற இதழ்களின் அனைத்துத் தொகுதிகளையும், மறைந்துபோன வாரப் பத்திரிகைகளின் கோப்புகளையும் ஒரே இடத்தில் தேடிப் படிக்க முடியாவிட்டால் எந்த இருக்கையில் எவர் அமர்ந்து என்ன பயன்? கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவராகத் திரட்டிய சேகரத்தின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. அவர் 1992 இல் மறைந்த பின், 1994 இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கிச் சென்னையிலேயே நிலைநிறுத்தியது. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராய்வோர் அந்நூலகத்தைத் தவிர்க்க இயலாது. அங்கே சேகரம் முதலில் இருந்தது, பல்கலைக்கழகம் பின்னர் வந்தது. இங்கே பல்கலைக்கழகம் காத்திருக்கிறது, சேகரம் வந்து சேரவில்லை.

இதே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஹொங்கொங்கிலிருந்து வந்தோரின் வரலாற்றுக்கென றிச்சர்ட் சார்ள்ஸ் லீ கனடா–ஹொங்கொங் நூலகம் என்ற தனி நூலகமே அமைந்துள்ளது. அச்சமூகத்தால் முடிந்தது தமிழரால் ஏன் முடியாது?

‘முகநூலில் இருக்கிறதே, யூடியூப்பில் ஏற்றிவிட்டோமே’ என்பது இன்னொரு மறுப்பு. இணையத்தில் ஏற்றுவது பேணுதலாகாது. 2009 ஒக்ரோபரில் யாகூ தன் ஜியோசிற்றீஸ் சேவையை மூடியபோது உலகெங்கும் எண்ணற்ற இணையப்பக்கங்கள் அழிந்தன. தமிழர் தொடக்க காலத்தில் அமைத்த பக்கங்களும் அவற்றுள் அடங்கும். யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. வணிக நிறுவனம் இலாபம் உள்ளவரை மட்டுமே இடம் தரும். பேணுதலில் மூன்று படிகள், இருவகை ஊடகம், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது தொழில்நுட்பர் கைக்கொள்ளும் எளிய விதி. யாழ்ப்பாணத்தில் இருந்த ஒற்றைப் பிரதிகளுக்கு அந்த மூன்றாவது படி இருக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

செய்ய வேண்டியவை

பல்கலைக்கழகத்திடமும் கேட்க வேண்டியவை உண்டு. பயிற்சிப் பட்டறைகள் தமிழிலும் நடத்தப்பட வேண்டும். அவை வார இறுதியில், கோயில் மண்டபத்திலும் தேவாலயக் கூடத்திலும் முதியோர் சங்கத்திலும் நடத்தப்பட்டால்தான் பெட்டி வைத்திருப்பவர் வருவார். ஆவண விவரக்குறிப்புகள் தமிழ் எழுத்திலும் இருக்க வேண்டும். ஒலிபெயர்ப்பில் மட்டும் எழுதப்பட்ட பெயரைத் தமிழில் தேடுபவர் கண்டடைய மாட்டார். சனவரிக் கண்காட்சியோடு நில்லாமல் ஆண்டு முழுவதும் தமிழ்ச் சேகரங்களுக்குப் பொறுப்பான பணியாளர் இருக்க வேண்டும். இவற்றை விண்ணப்பமாக அன்றி, மூன்று மில்லியன் டொலர் சேர்த்த சமூகத்தின் உரிமையாகவே கேட்கலாம்.

ஆனால் கேட்பதற்கு முன் தமிழ் அமைப்புகள் தம் வீட்டைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு ஊர்ச்சங்கமும் பழைய மாணவர் சங்கமும் ஓர் ஆவணப் பொறுப்பாளரை நிர்வாகத்தில் நியமிக்க வேண்டும். தம்மிடமுள்ள மலர்கள், குறிப்பேடுகள், நாடாக்கள், கோப்புகள் ஆகியவற்றுக்குப் பட்டியல் ஒன்றை இவ்வாண்டே எழுத வேண்டும். பாமினியில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். படங்களின் பின்புறத்தில் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை, சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே மென்பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எண்ணிமப்படுத்தலுக்கு ஒதுக்க வேண்டும்.

இளையோருக்கும் இதில் இடம் உண்டு. முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு சாவிக்கோர்வை செய்து பார்ப்பதோடு பட்டறையை முடித்துக்கொள்ளாமல், வருடியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கையாளப் பழகிக்கொண்டு, தம் பாட்டியின் முன்னால் ஒரு மணி நேரம் அமரட்டும். தமிழ் எழுதத் தெரியாத பேரனும் நாடாவை எண்ணிமக் கோப்பாக மாற்ற முடியும். ஆங்கிலம் தெரியாத பாட்டியும் அதில் ஒலிக்கும் குரல் யாருடையது என்று சொல்ல முடியும். ஒருவர் இன்றி மற்றவரால் அந்த வேலை முடியாது.

அடுத்த சனவரியும் வரும். விளக்கு ஏற்றப்படும், மேசைகள் பரப்பப்படும். அந்த மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவெண்ணும் ஒரு விவரக்குறிப்பும் ஒரு பிரதியும் உண்டா என்று வருகின்றவர்கள் ஏற்பாட்டாளர்களைக் கேட்க வேண்டும். இல்லை என்பது மறுமொழியாயின், அந்தப் பெட்டி அன்று மாலை வாகனக் கொட்டிலுக்குத் திரும்பக் கூடாது. நூலகம் தொலைவில் இல்லை. கதவு திறந்தே இருக்கிறது.